இருவர் சேர்ந்து நடத்தும் தொழில்: கலப்பு இரட்டையர் பூப்பந்து

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரை, ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. ஆயினும், மாலை வேளையில் இரு கம்பங்களை நட்டு, இடையே வலையைக் கட்டிப் பூப்பந்து ஆடும் வழக்கம் நம் குடியிருப்புகளை விட்டு அகலவில்லை. அந்த ஆட்டத்தில் சிறுவரும் சிறுமியரும் வேறுபாடின்றிச் சேர்ந்தே ஆடுவர். ஆனால் பெண்பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டியதும், “இனி உனக்கு ஆட்டம் எதற்கு?” என்று மட்டையை வாங்கி வைத்துவிடும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். ஆணும் பெண்ணும் ஒரே அணியாக நின்று ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டம் இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழிலின் தன்மையையும், அதில் உள்ள உயர்வையும் இடரையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஆட்டத்தின் இயல்பு

இரட்டையர் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உடையது. வலையின் உயரம் நடுவில் 1.524 மீட்டர். பந்தில் 16 இறகுகள் இருக்கும்; அதன் எடை ஏறத்தாழ 5 கிராம். 21 புள்ளிகள் கொண்ட மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே வெற்றி பெற்றவராவர்.

பொதுவாக, பெண் வலைக்கு அருகிலும் ஆண் பின்புறத்திலும் நின்று ஆடுவர். இதனால் பெண்ணின் பங்கு சிறியது என்று எண்ணிவிடலாகாது. எதிரியின் பந்தை வலையருகிலேயே மறித்து, அவர் பந்தை உயர்த்தி அடிக்கும் நிலையை உண்டாக்குபவர் முன்னால் நிற்பவரே. அவ்வாறு உயர்ந்து வரும் பந்தைத்தான் பின்னால் நிற்பவர் ஓங்கி அடிக்கிறார். ஒரே நிரையில் ஒருவர் மரம் வெட்ட, மற்றவர் மங்கிலிருந்து பாலை எடுத்து வாளியில் சேர்ப்பதை நாம் அறிவோம். அவற்றுள் எது பெரிய வேலை என்று எவரும் கேட்பதில்லை. ஒன்று தவறினால் அன்றைய உழைப்பே குறைந்துவிடும். இவ்வாட்டமும் அத்தகையதே.

பேராக்கின் மரபு

இரட்டையர் ஆட்டத்தில் பேராக் மாநிலத்திற்கு நீண்ட பெருமை உண்டு. டான் யீ கான், இங் பூன் பீ ஆகிய இருவரும் 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அகில இங்கிலாந்துப் போட்டியின் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றனர். அண்மைக் காலத்தில், ஈப்போவில் பிறந்த டான் கியான் மெங் கலப்பு இரட்டையர் ஆட்டத்தைத் தம் தொழிலாகக் கொண்டார். லாய் பெய் ஜிங் என்னும் வீராங்கனையுடன் இணைந்து 2017-ஆம் ஆண்டில் மலேசிய மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். பின்னர் இவ்விணை தேசிய அணியை விட்டு விலகித் தனித்து நின்று ஆடியது.

‘தனித்து நின்று ஆடுவது’ என்றால் என்ன? இதனை விளங்கிக்கொள்ள, நம் நாட்டுக் கலப்பு இரட்டையருள் மிகவும் அறியப்பட்ட ஓர் இணையின் வரலாறு பெரிதும் உதவும்.

விழுந்தும் எழுந்த இணை

கோ லியூ யிங் மலாக்காவைச் சேர்ந்தவர். அவருடைய இணையான சான் பெங் சூன் பினாங்கைச் சேர்ந்தவர். 2012-இல் இவர்கள் ஆசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றனர். அதே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக்கில் பிரிவு ஆட்டங்களோடு வெளியேறினர். 2014-இல் லியூ யிங்கின் முழங்கால் பழுதுற்றது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அக்காலத்தில் சான் பெங் சூன் வேறொரு வீராங்கனையுடன் ஆடினார். அவரே மேலே குறிப்பிட்ட லாய் பெய் ஜிங்.

இத்துடன் லியூ யிங்கின் ஆட்டம் முடிந்தது என்று கருதியோர் பலர். ஆனால் அவர் 2015-இல் மீண்டும் களத்திற்கு வந்தார். 2016 ஆகஸ்டு 17-ஆம் நாள் ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் இவ்விணை இந்தோனேசியாவின் தொந்தோவி அகமது, லிலியானா நட்சிர் இணையை எதிர்த்து ஆடி, 14–21, 12–21 என்ற புள்ளிகளில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. கலப்பு இரட்டையர் ஆட்டம் 1996-இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பின்னர், அப்பிரிவில் மலேசியா பெற்ற முதல் பதக்கம் இதுவே.

2018-இல் லியூ யிங் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் இருவரும் தேசிய அணியிலிருந்து வெளியேறி, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தனித்து ஆடத் தொடங்கினர். அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே தாய்லாந்து மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று காட்டினர். 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கு பெற்றனர். லியூ யிங் 2022-இல் ஓய்வு பெற்றார்.

வரவும் செலவும்

தேசிய அணியில் உள்ளவருக்குப் பயிற்சி, தங்குமிடம், பயணம் ஆகியவற்றை மலேசியப் பூப்பந்துச் சங்கம் கவனித்துக்கொள்கிறது. தனித்து ஆடுபவர் இவை அனைத்தையும் தாமே தேடிக்கொள்ள வேண்டும். விமானக் கட்டணம், பயிற்றுநர் ஊதியம், காயத்திற்கு மருத்துவம் எல்லாம் அவர் கைப்பொறுப்பே. பரிசுத் தொகையும் விளம்பர நிறுவனங்களின் ஆதரவுமே அவருடைய வருவாய். இரட்டையர் பரிசோ இருவருக்கும் பொதுவானது. பாதியாகப் பகிர்ந்தால் ஒற்றையர் பெறுவதில் ஏறத்தாழப் பாதியே ஒருவருக்குக் கிட்டும். காயமுற்றால் வருவாய் நின்றுவிடும், செலவு நிற்பதில்லை. மழை பெய்து வெட்டு நின்ற நாள்களை அறிந்த நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இணையின் ஒற்றுமை

இத்தொழிலின் உயிர்நாடி இருவரின் மன ஒற்றுமையே. சென் தாங் ஜீ, தோ ஈ வெய் ஆகிய இணை 2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பிரிக்கப்பட்டு, சிறிது காலத்திற்குள் மீண்டும் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், நம் சுதந்திர நாளன்று, பாரிஸ் நகரில் சீன இணையை 21–15, 21–14 எனத் தோற்கடித்து உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றது. மலேசியா பெற்ற முதலாவது கலப்பு இரட்டையர் உலகப் பட்டம் இதுவாகும். பிரிவு நேர்ந்தபோது மனக்கசப்பை வளர்த்திருந்தால் இவ்வெற்றி கிட்டியிருக்குமோ?

நமக்குரிய பாடம்

அதே பாரிஸ் போட்டியில் பெண்கள் இரட்டையர் பிரிவில் பெர்லி டானுடன் இணைந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர் நம் தமிழ்ப் பெண் தீனா முரளிதரன். பன்னிரண்டு வயதில் அவர் கையிலிருந்த மட்டையை எவரேனும் வாங்கி வைத்திருந்தால், அப்பதக்கம் இல்லை.

ஆதலின் பெற்றோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது, ஆர்வமுள்ள மகளையும் மகனைப் போலவே ஆடவிடுங்கள். பள்ளி ஆசிரியரிடம் கூறி, பள்ளி அணி, மாவட்டம், மாநிலம் என்ற படிகளில் ஏற வழி செய்யுங்கள். இரண்டாவது, ஆட்டத்திற்காகக் கல்வியைக் கைவிடச் செய்யாதீர்கள். களத்தில் இறங்குவோர் ஆயிரவர். பதக்கம் பெறுவோர் சிலரே. முழங்காலும் தோளும் பழுதாகலாம். கற்ற கல்வி பழுதாவதில்லை.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. வலையருகில் நிற்பவரின் பணி யாது? அது ஏன் இன்றியமையாதது?
2. தேசிய அணியில் ஆடுவதற்கும் தனித்து ஆடுவதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. நம் குடியிருப்பில் பெண்பிள்ளைகள் எந்த வயதில் ஆட்டத்தை நிறுத்துகின்றனர்? அதற்குரிய காரணங்கள் யாவை? அவற்றுள் நாம் மாற்றக்கூடியவை எவை?