நிற்கும் நீர், ஓடும் நீர்

புனே மாவட்டத்தில் நாய்காவ் என்று ஓர் ஊர். 1972-இல் அங்கே கடும் வறட்சி. பெய்த கொஞ்ச மழையும் நிலத்தில் தங்கவில்லை. ஓடிவிட்டது. ஏன்?

நல்ல மண் பொலபொலவென்று இருக்கும். மண்தூள் ஒட்டிச் சிறு உருண்டைகளாக இருக்கும். நடுவே சந்து உண்டு. பெரிய சந்தில் நீர் இறங்கும். சின்னச் சந்தில் தங்கும். மக்கிய சாணமும் தழையும்தான் இதற்குப் பசை. பசை இல்லாத மண்ணில் மழை அடித்தால் உருண்டை உடையும். தூள் சந்தை அடைக்கும். மேலே பொருக்குக் கட்டும். பிறகு எவ்வளவு பெய்துதான் என்ன?

விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் அங்கே 40 ஏக்கர் தரிசைக் குத்தகைக்கு எடுத்தார். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார். நீர் நின்றது. மண்ணும் நின்றது.

பிறகு ‘பானி பஞ்சாயத்து’ வந்தது. தண்ணீரைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். நிலம் இல்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்புக்கு மட்டும் கிடையாது.