யப்பான் திரைக்கு யாழ்ப்பாணம் தெரியுமா?

கேள்வி: யப்பானிலிருந்து வந்த பாவித்த கார் ஒன்று வாங்கினேன். திரை முழுக்க யப்பான் எழுத்து. வரைபடத்தில் சாவகச்சேரியே இல்லை. றேடியோவிலும் பல நிலையங்கள் எடுபடவில்லை. இதிலேயே இலங்கை வரைபடத்தை ஏற்றலாமா?

பதில்: ஏற்றுவது பெரும்பாலும் நடவாத காரியம். செய்மதிச் சமிக்ஞை இங்கேயும் கிடைக்கும். ஆனால் உள்ளே இருப்பது யப்பான் வரைபடம் மட்டுமே.

றேடியோவின் கதை வேறு. யப்பானில் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி, பழைய செற்களில் 90 உடன் முடிந்துவிடும். நமது நிலையங்களோ 88 முதல் 108 வரை. அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் நடுவே 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியைப் பூட்டினால் அலைவரிசை கீழிறங்கும். 18 குறைக்கும் பெட்டியென்றால் 98ஐக் கேட்க 80இல் வைக்க வேண்டும். சமிக்ஞை மெலிந்த இடத்தில் இரைச்சல் வரலாம்.

வழிகாட்டி வேண்டுமென்றால் அன்ட்ரொயிட் செற்தான் வழி. ரொயோட்டாவின் பல செற்கள் 200 மில்லிமீற்றர் அகலம், சாதாரண இரட்டை டின் 178. அளந்த பிறகு வாங்குங்கள். வயரை வெட்டவிடாதீர்கள், உங்கள் காருக்குப் பொருந்தும் சொக்கற் கேளுங்கள். ரிவேர்ஸ் கமராவும் ஸ்ரியரிங் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள்.

காசு செலவழிக்க மனமில்லையா? கைபேசியில் குடாநாட்டு வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, ஒரு தாங்கியில் மாட்டுங்கள். ஒழுங்கை பிழைத்தால் வேலியோரம் நிற்பவரைக் கேளுங்கள். அந்தச் சேவை இன்னும் இலவசம்தான்!