உருளைக்கிழங்குக் கொட்டிலை இராக்காற்றாற் குளிர்வித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நடப்படும் உருளைக்கிழங்கு மாசி, பங்குனியிற் கிண்டப்படுகின்றது. எல்லாத் தோட்டங்களிலும் ஒருங்கே கிண்டுவதனாற் சந்தையில் விலை வீழ்கின்றது. சில கிழமைகளாவது கிழங்கைப் பேணி வைக்கக்கூடிய கமக்காரர் வந்த விலைக்கு விற்க வேண்டியதில்லை. ஆயினும், அறையிற் குவித்த கிழங்கு விரைவில் அழுகிவிடுகின்றது.

கிண்டிய பின்னரும் கிழங்கு உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. வெப்பம் ஏற ஏறச் சுவாசமும் விரைவடைகின்றது. இவ்வாறு குவியல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். காற்றோட்டம் வேண்டுமெனக் கருதிப் பகல் முழுவதும் கதவைத் திறந்து வைப்போர் உளர். இது பெருந்தவறு. மாசி மாத நண்பகலில் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் அளவை எட்டும். விடியற்புறத்திலோ 22, 23 பாகைக்கு இறங்கும். வெளிக்காற்று குவியலிலும் பார்க்கச் சூடாயிருக்கும்போது உட்புகுந்தால், சூட்டைக் கொடுப்பதோடு, தன்னிலுள்ள ஈரத்தையும் குளிர்ந்த கிழங்கின்மேல் நீராகப் படியவிடும். அழுகல் அங்கே தொடங்கும்.

ஆகவே கொட்டில் இரவில் திறந்தும் பகலில் அடைத்தும் இருத்தல் வேண்டும். வாடைக்காற்று வரும் வடகிழக்குச் சுவரில் நிலத்தை ஒட்டியும், எதிர்ப்புறத்தில் முகட்டருகேயும் துவாரங்கள் விட்டு, அவற்றுக்கு மூடுதட்டிகள் அமைத்தல் வேண்டும். சூடான காற்று மேலெழுந்து வெளியேற, குளிர்காற்று கீழே புகும். காயம்பட்டவற்றை நீக்கி, கிழங்கைப் பனஞ்சிலாகைகளை இடைவெளிவிட்டு அடுக்கிய பரணில் மூன்றடி உயரத்துக்கு மேற்படாமற் பரப்புக. பரணின் கீழாகக் காற்றுச் செல்லாவிடின் துவாரங்களாற் பயனில்லை. கூரைக்குத் தகரத்திலும் பார்க்கக் கிடுகே சிறந்தது. உள்ளே இருளாயிருத்தலும் வேண்டும். ஒளிபட்ட கிழங்கு பச்சையாகி நச்சுத்தன்மை அடையும்.

குவியலினுள் ஒரு வெப்பமானியும் வெளியே நிழலில் ஒன்றும் இருப்பின் ஐயத்துக்கு இடமில்லை. வெளிக்காற்று 2 பாகையாவது குறைந்த பின்னரே தட்டிகளைத் திறந்து, சூரியன் உதித்ததும் மூடுக. குளிர்நாடுகளிலுள்ள பெருங் களஞ்சியங்களின் மின்விசிறிகளும் வெளிக்காற்று குவியலிலும் பார்க்கக் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே இயக்கப்படுகின்றன. மழை பெய்யும் இரவுகளில் மூடியே வைத்தல் நன்று.

வெண்காயத்துக்கு இம்முறை பொருந்தாது. அதற்குக் குளிரிலும் பார்க்க உலர்வே முக்கியம். ஈரமான இராக்காற்றுப் பட்டால் வேர்விடத் தொடங்கும்.

சித்திரை பிறந்தபின் குடாநாட்டில் இரவிலும் வெப்பநிலை 26 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதன்மேல் இம்முறை கைகொடாது. வருடப்பிறப்புக்கு முன்னரே கிழங்கை விற்றுத் தீர்த்தல் வேண்டும்.