கிராண்ட் கேன்யன் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்குப் போகிற பலரும் காரை நிறுத்தி, நாலு படம் எடுத்துக்கொண்டு, அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். 446 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள பள்ளத்தாக்கு அது. ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள். ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

1. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடித் தளம் போட்ட ஸ்கைவாக் தேசியப் பூங்காவுக்குள் இல்லை. அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், கட்டணமும் தனி. பூங்காவின் தென் விளிம்பிலிருந்து அங்கே போகக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லாஸ் வேகாஸிலிருந்து சுற்றுலா பஸ் பதிவு செய்கிறவர்கள் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்காவுக்குள் வருடம் முழுக்கத் திறந்திருப்பது தென் விளிம்புதான்.

2. தென் விளிம்பின் காட்சிமுனையான மாதர் பாயின்ட் பக்கம் காலை பத்து மணிக்குள் கார் நிறுத்தும் இடம் நிரம்பிவிடும். விடியலிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் பாறைகள் வெளிறித் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் நிழல் விழும்போதுதான் அடுக்கடுக்கான நிறங்கள் புலப்படும்.

3. மாலைக்கு ஹோப்பி பாயின்ட். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே போகும் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். இலவச பஸ் உண்டு. சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். கைவிளக்கும் ஸ்வெட்டரும் இல்லாமல் போகாதீர்கள்.

4. தடுப்புக் கம்பி சில இடங்களில்தான் இருக்கிறது. விளிம்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கேமராவைப் பார்த்தபடி பின்னால் நகரவே கூடாது. படம் எடுப்பவர் "இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று சொல்லும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள். இடி முழங்கினால் உடனே பஸ்ஸுக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் மின்னல் அங்கே வழக்கமானது.

5. பிரைட் ஏஞ்சல் பாதையில் சிறிது தூரம் இறங்கிப் பார்க்க ஆசை வரும். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஏற ஏறக் குளிரும் என்பது நாம் அறிந்தது. இங்கே இறங்க இறங்க வெயில் கூடும். கோடையில் மேலே இதமாக இருக்கும்போதே அடியில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். தண்ணீரோடு உப்புக் கடலை, பிஸ்கட் போன்றவையும் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஒரே நாளில் அடியில் ஓடும் கொலராடோ ஆறு வரை போய்த் திரும்பும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

6. வயதானவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். விளிம்பை ஒட்டிய பாதையில் பெரும்பகுதி சமதளம். சக்கர நாற்காலியும் போகும். ஆனால் தென் விளிம்பு கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம், காற்றோ மிகவும் வறண்டது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மருந்து கையிலேயே இருக்கட்டும்.

7. பிள்ளைகளோடு யாவபாய் அருங்காட்சியகம் பக்கம் 'காலத்தின் பாதை'யில் நடங்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு கடந்ததாகக் கணக்கு. அந்தந்தக் காலத்துப் பாறைகளை வழிநெடுக வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் மேல்தட்டுச் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு, அடித்தட்டுப் பாறைக்கு 170 கோடிக்கு மேல். பாடப்புத்தகத்தில் புரியாதது காலால் நடந்தால் புரிந்துவிடும்.

8. அணிலுக்குத் தீனி போடாதீர்கள். கடிக்கும், சட்டப்படி குற்றமும்கூட.

9. பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யன் கிராமத்துக்குள் பங்க் இல்லை. செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. திரும்பும்போது கிழக்கு வாசல் வழியாக வாருங்கள். அங்குள்ள டெசர்ட் வியூவில், மேரி கோல்டர் வடிவமைத்து 1932-இல் கட்டி முடித்த கல் கோபுரம் நிற்கிறது. கொலராடோ ஆறு வளைந்து ஓடுவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அதைத் தாண்டினால் நவஹோ மக்களின் பகுதி. கோடையில் அங்கே கடிகாரம் அரிசோனாவின் மற்ற பகுதிகளைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். அடுத்த ஊரில் அறையோ பயணமோ பதிவு செய்திருந்தால் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.