நாய்க்கு மருந்து தருகிறீர்களா? உணவையும் கவனியுங்கள்

1. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள். 28 நாள் வரைகூடத் தொடரும். நம் வீட்டு நாய்கள் பலவும் தயிர்ச்சோறு தின்று வளர்பவை என்பதால், மாத்திரையைத் தயிர்ச்சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். பால், தயிர், பனீரில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்ச வேண்டியதில் ஒரு பகுதி வீணாக மலத்தோடு போய்விடும். வேகவைத்த கோழிக்கறித் துண்டு, முட்டை, வெறும் சோற்று உருண்டை போதும். பால் வகைகளுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

2. அதே காய்ச்சலில் ரத்தம் குறைந்திருந்தால் இரும்புச்சத்து டானிக்கும் தருவார்கள். இரும்பும் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் தராமல், எது எப்போது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் பால், கால்சியம், இரும்பு விஷயத்தில் இதே கவனம் வேண்டும்.

3. டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகலாம். கொடுத்ததும் கொஞ்சம் உணவோ, ஊசி கழற்றிய சிரிஞ்சில் கன்னத்தோரமாகச் சிறிது தண்ணீரோ தரவேண்டும்.

4. வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு சாப்பிடும் நாயின் தட்டில் உப்பு ஒரே அளவாக இருக்கவேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுதான். உப்பிலுள்ள குளோரைடு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வேகமாக வெளியேற்றும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். ஒருநாள் கருவாடு, மறுநாள் சிப்ஸ் என்று கொடுப்பது இதனால்தான் ஆபத்து. உப்பைத் திடீரென நிறுத்தினாலும் மருந்து உடம்பில் தேங்கி, நாய் தள்ளாடும், மந்தமாகும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 24 நாள் ஆகும். அதனால் உணவு மாற்றத்தின் விளைவு உடனே தெரியாமல், மெல்ல வெளிப்படலாம். உணவு பிராண்டை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

5. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். உணவோடுதான் தரமுடியும் என்றால் தினமும் உணவோடே கொடுங்கள். ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படி என்றால் ரத்தப் பரிசோதனை முடிவே குழப்பும்.

6. டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அவர் எழுதிய வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். நாமாக வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுப்ரொஃபென் எதையும் தரக்கூடாது.

7. தோல் பூஞ்சைக்கான கிரிசியோஃபல்வின், இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் இரண்டும் உணவோடு தந்தால் நன்றாகச் சேரும். கிரிசியோஃபல்வினுக்குக் கொழுப்புள்ள உணவு உதவும். கணையக் கோளாறு உள்ள நாய் என்றால் நெய், கொழுப்பு வேண்டாம்.

8. இன்சுலின் போடும் நாய் சாப்பிட மறுத்தால், வழக்கமான அளவைப் போடுமுன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

9. இதய நோய்க்கு எனாலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும் நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் இளநீர் தரவேண்டாம். அந்த மருந்துகளும் இளநீரும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டலாம்.

10. மாத்திரையை ஒளிக்க உலர்திராட்சையோ வெங்காயம் சேர்ந்த கறியோ கூடவே கூடாது. நிலக்கடலை வெண்ணெய் என்றால் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

11. அடுத்தமுறை கால்நடை மருத்துவரிடம் போகும்போது, நாய் ஒரு வாரமாக என்ன தின்றது, பிஸ்கட், டானிக், பக்கத்து வீட்டார் போட்டது உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.