பவளத் திட்டுகளின் மீளும் ஆற்றல்

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை, கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் சங்கிலிபோல் அமைந்திருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் கடலுள் மூழ்கிவிட்டன. இதற்குக் கடலை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. தீவுகளைச் சூழ்ந்து அலையின் வேகத்தைத் தணித்து வந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக் காளவாய்க்காகவும், கட்டடக் கல்லுக்காகவும், தொழிற்சாலைகளின் தேவைக்காகவும் மக்கள் பல்லாண்டுகள் பெயர்த்தெடுத்ததே முக்கிய காரணமாகும்.

அதியமான்கோட்டையில் இச்செய்தி பேசப்பட்டபோது, “நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடற்பாறைக்கும் நமது மானாவாரி நிலத்திற்கும் என்ன சம்பந்தம்?” என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. நம் மாவட்டத்து நீர் காவிரியிலும் தென்பெண்ணையிலும் சேர்ந்து வங்கக் கடலுக்குச் செல்கிறதேயன்றி, மன்னார் வளைகுடாவிற்குச் செல்வதில்லை. வாரச் சந்தைக்கு வரும் கருவாட்டைத் தவிர நேரடித் தொடர்பு என்று சொல்ல அதிகமில்லை. எனினும், ஊருக்குப் பொதுவான சொத்து ஒன்று இடுக்கண் வந்தபின் மீண்டெழும் ஆற்றலை எவ்வாறு பெறுகிறது, எவ்வாறு இழக்கிறது என்பதை அங்கே ஆண்டுதோறும் அளந்து கண்டிருக்கின்றனர். ஏரியும் மேய்ச்சல் புறம்போக்கும் உடைய ஊரார் இதனை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

பவளம் என்பது கல்லன்று; செடியுமன்று. கடுகளவும் மொச்சையளவுமான நுண்ணிய பிராணிகள் கோடிக்கணக்கில் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு கட்டிய வீடே பவளப் பாறை. இப்பிராணியின் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசி குடியிருக்கிறது. நிலக்கடலையின் வேர் முடிச்சில் நுண்ணுயிர் தங்கித் தழைச்சத்து தருவதை விவசாயிகள் அறிவர். அதுபோலவே, இப்பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளமோ பாசிக்கு இடம் அளிக்கிறது. பவளத்தின் உணவில் பெரும்பகுதி இவ்வாறே கிடைக்கிறது. நீர் கலங்கிச் சேறு படிந்தால் வெயில் உள்ளே செல்லாது, உறவு நலிவடையும்.

கோடையில் கடல்நீரின் உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டிப் பல வாரங்கள் நீடிக்குமாயின், பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெண்ணிறம் அடைகிறது. இதனையே வெளுப்பு என்பர். வெளுத்த பவளம் செத்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். தென்மேற்குப் பருவக் காற்று தக்க சமயத்தில் வீசி நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். தாமதித்தால் பவளம் மடியும். கிளைவிட்டு வேகமாக வளரும் மான்கொம்புப் பவளமே முதலில் பலியாகிறது. ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் உருண்டைப் பவளம் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது.

மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பவளங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றன. ஆயினும், சட்டம் மட்டும் கடப்பாரையை நிறுத்திவிடவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின்னரே, தீவும் திட்டும் கரைக்கு அரண் என்பதைக் கடலோர மக்கள் நன்கு உணர்ந்தனர். 2005-இல் பவளம் வெட்டுவது அறவே நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு வளர்ந்ததை ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். 2010-இல் பெரும் வெளுப்பு நேர்ந்தும், மிஞ்சிய பவளம் மெல்லத் தேறிற்று.

2016-இல் வந்த வெளுப்பு கடுமையானது. நூற்றுக்கு 39 பங்காக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு ஏறக்குறைய 23 பங்காகக் குறைந்தது. 1998-க்கும் 2010-க்கும் இடையே 12 ஆண்டுகள். 2010-க்கும் 2016-க்கும் இடையே ஆறே ஆண்டுகள். 2024-இல் மீண்டும் வெளுப்பு. பஞ்சம் அடிக்கடி வந்தால் மந்தை பெருகுவதற்கு அவகாசம் ஏது? கடலின் வெப்பத்தைத் தணிப்பது ஒரு பஞ்சாயத்தின் கையில் இல்லை. உலகின் புகைபோக்கிகள் அதற்குப் பொறுப்பு. ஆனால் கழிவுநீரும், அறுந்த வலையும், திட்டின்மேல் இழுக்கப்படும் இழுவலையும் உள்ளூரார் தடுக்கக்கூடியவை. வறட்சிக்கு முன்பே மொட்டையாக்கப்பட்ட மேய்ச்சல் தரை மழை வந்தாலும் தளிர்ப்பதில்லை. வேர் மிஞ்சிய தரையோ ஒரே மழையில் பசுமையடைகிறது. திட்டின் நிலையும் இதுவே.

வெட்டாதே என்று கூறுவோர் வெட்டிப் பிழைத்தவருக்கு மாற்று வழி காட்டவேண்டும். இதனை அங்கே உணர்ந்து, உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கடலோரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்து, வேறு தொழிலுக்குச் சுழல்நிதிக் கடன் அளித்தது. என் கருத்தில், காவலர் படகுகளைக் காட்டிலும் இதுவே நீடித்த பலன் தரும்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். நாற்று நடுவதை ஒத்த பணி. தேய்ந்து வந்த வான் தீவைக் காக்க, துளையுள்ள கான்கிரீட் கட்டிகள் 2015 முதல் அதன் முன்னே வரிசையாக இறக்கப்பட்டன. அவை அலையைத் தடுக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் மீன்கள் தங்குகின்றன. இயற்கை செலவின்றிக் கட்டித் தந்த சுவருக்கு ஈடாக, அரசாங்கப் பணத்தில் எழுப்பப்பட்ட சுவர் அது.