நடுவில் கிடைக்கும் நேரம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஷிப்ட் வேலை, ஓவர்டைம், கைப்பேசி, வீட்டுக் கவலை எல்லாம் சேர்ந்து தேவனை நினைக்கவே விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் மனம் அடங்குமோ என்றும் கேட்கிறாய். அழைப்பு இருந்தால் போ. மனம் அலைகிறதே என்ற பயத்தினால் மட்டும் போகாதே. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்து வனாந்தரத்துத் துறவிகளைத் தேடிப்போன ஜான் காசியன், அவர்களோடு நடந்த உரையாடல்களை எழுதிவைத்திருக்கிறார். அவருடைய நண்பர் ஜெர்மானுஸ் அங்கே முறையிடுவதும் இதைத்தான்: ஒரு சங்கீதத்தைத் தியானிக்க உட்கார்ந்தால் மனம் வேறொரு வசனத்துக்குத் தாவுகிறது, அதையும் முடிக்காமல் இன்னொன்றுக்கு ஓடுகிறது. சுற்றிலும் வனாந்தரம், நினைவில் வேதவசனம், அங்கேயும் இதே பாடு. ஆகவே வேலையைக் குற்றவாளி ஆக்காதே. தானியேல் பாபிலோனில் சும்மா இருந்தவர் அல்ல. 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்ட மூன்று பிரதானிகளில் ஒருவர். ஆனாலும் தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார். மார்த்தாளிடமும் ஆண்டவர் சமைக்காதே என்று சொல்லவில்லை. அநேக காரியங்களுக்காகக் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் எடுத்துச் சொன்னார்.

நம் தோட்டங்களின் பால்மரத் தொழிலை எண்ணிப் பார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் நுழைவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையைச் சீவும் கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் பட்டுவிடும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு சீராக வெட்ட முடியாது. வெட்டுகிற அந்த நேரத்தில் கண்ணும் கருத்தும் மரத்தின்மேல்தான் இருக்க வேண்டும்; அது பக்திக் குறைவு அல்ல. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யச் சொன்ன பவுல், அதை வேலைக்காரருக்குத்தான் எழுதினார். ஆனால் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே நாலு எட்டு நடை இருக்கிறதே, ஜெபிக்க விரும்புகிறவருக்கு அது போதும். அர்தசஷ்டா ராஜா கேள்வி கேட்டதற்கும் நெகேமியா பதில் சொன்னதற்கும் நடுவில் அவ்வளவு நேரம்கூட இல்லை. அதற்குள்ளும் அவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார்.

கைப்பேசி உன்னிடமிருந்து பறித்துக்கொண்டது இந்த நாலு எட்டு நடையைத்தான் என்பது என் எண்ணம். ஈப்போவுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு, கடையில் தே தாரிக் வரும்வரை காத்திருப்பது, ஷிப்ட் மாறும் ஐந்து நிமிடம், எதுவும் இப்போது காலியாக இல்லை. முன்பும் மனம் அலைந்ததுதானே என்று நீ கேட்கலாம். அலைந்தது, ஆனால் அலைந்த மனம் திரும்பிவர இடம் இருந்தது. இப்போதோ அந்த இடத்தை நிரப்புவதையே பெரிய நிறுவனங்கள் தொழிலாகச் செய்கின்றன. அதனால் இந்தக் கைப்பேசிக் காரியத்தில் மட்டும் கண்டிப்பாக இரு என்கிறேன்.

அந்த நேரத்தில் என்ன ஜெபிப்பது? அந்த எகிப்து வனாந்தரத்தில் ஈசாக்கு என்ற முதியவர் ஜெர்மானுசுக்குக் கொடுத்தது ஒரே வசனம்: தேவனே சீக்கிரம் வந்து உதவும் என்று கெஞ்சுகிற 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அதையே உண்ணும்போதும் உழைக்கும்போதும் சொல்லச் சொன்னார். சொன்னதையே சொல்வது மத்தேயு 6இல் ஆண்டவர் தடுத்த வீண்வார்த்தை ஆகாதா? ஆகாது. அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்ற நினைப்பைத்தான் அவர் தடுத்தார். கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி அவரே ஜெபித்தார் என்று அதே மத்தேயுவின் 26ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. இது காலை ஜெபத்துக்கு மாற்று அல்ல, தம்பி. காலையில் தேவனோடு உட்காராதவனுக்கு நடுப்பகலில் அவர் நினைவு வருவது கடினம்.

நாளை வேலைக்குப் போனதும், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுக்குமுன் அந்த ஒரு வசனத்தைச் சொல். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுது.

உன் அண்ணன்,
தஞ்சோங் ரம்புத்தான்